முள் சீவிய முருக்கமரம்

எங்கள் பக்கத்தில் முள்முருக்கை யாரும் மரம் என்று சொல்வதில்லை. அது வேலி. ஒரு கிளையை வெட்டி மணலில் குத்தினால் தளிர்க்கும். தளிர்த்ததை ஒடித்து ஆட்டுக்குப் போடுவார்கள். அது சளைக்காமல் திரும்பவும் தளிர்க்கும். நான் அந்த நாளில் மட்டக்களப்பில் ஒரு நில அளவைக் கந்தோரில் காணிப்படம் வரைகிறவனாக இருந்தேன். ஒரு வளவைப் படத்தில் போடும்போது தென்னை, பலா, மா எல்லாவற்றுக்கும் தனித்தனி அடையாளம் உண்டு. முருக்குக்கு ஒன்றும் கிடையாது. எல்லைக்கோட்டின் மேல் சின்னச் சின்னதாய் நாலு கீறல் இழுத்துவிட்டுப் போய்விடுவோம். அப்படிப்பட்ட ஒன்றை வளவின் நடுவே நிறுத்திப் பூமரமாக வளர்ப்பேன் என்று என் மனைவி பிடிவாதம் பிடித்தாள். வளர்த்தும் காட்டினாள்.

எங்கள் கல்யாணம் ஒரு வைகாசியில் நடந்தது. எங்களில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து பெண்வீட்டில் குடியேறுவான். நானும் செங்கலடியில் இருந்து ஒரு தகரப்பெட்டியோடும் சைக்கிளோடும் வந்து சேர்ந்தேன். வீடு தன்னாமுனைக்கு இந்தப் பக்கம், வாவியைப் பார்த்தபடி இருந்தது. வாவி என்று புத்தகத்தில்தான் எழுதுவார்கள். நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். வீட்டில் மாமி, என் மனைவி, அவளுடைய தங்கை என்று மூன்று பெண்கள். மாமனார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். மாமி என்னோடு நேருக்கு நேர் பேசமாட்டார். மருமகனோடு முகம் பார்த்துப் பேசுவது மரியாதையில்லை என்பது அவருடைய எண்ணம். சோறு போட்டிருப்பதைக்கூடக் கதவுக்குச் சொல்வார். "மருமகனுக்குச் சோறு போட்டிரிக்கி" என்று கதவிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். முதல் மாதம் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. பிறகு கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

கல்யாணப் பந்தலின் வடகிழக்கு மூலையில் கன்னிக்கால் ஊன்றியிருந்தார்கள். கன்னிக்கால் என்றால் முருக்கங்கிளைதான். மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, அடியில் பால் ஊற்றி நடுவார்கள். அது தளிர்த்தால் குடும்பம் தளிர்க்கும் என்பது நம்பிக்கை. முருக்கு தளிர்க்காமல் இருந்தால்தான் அதிசயம் என்று நான் நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை, புது மாப்பிள்ளை அல்லவா. பந்தல் பிரித்த பிறகு அந்தக் காலைப் பிடுங்கி வேலியில் வைத்துவிடுவதுதான் வழக்கம். அதற்குப் பிறகு எது கன்னிக்கால், எது வேலிக்கால் என்று யாருக்கும் தெரியாது. என் மனைவி மாத்திரம் விடவில்லை.

"நம்மட கால நான் வேலியில வெக்க மாட்டன் மச்சான். அது இஞ்சயே நிக்கட்டும்" என்றாள்.

"இஞ்ச நிண்டா நடைவழிக்கு இடைஞ்சல்."

"அப்ப நடைவழிய மாத்துவம்."

மாற்றினாள். வாசலில் இருந்து படலைக்கு நேராகப் போன மணற்பாதை முருக்கைச் சுற்றி வளைந்து போயிற்று. கோடு நேராக இல்லாவிட்டால் எனக்கு அன்றைய சோறு இறங்காது. அவளுக்கு அது தெரியும். தெரிந்துதான் செய்தாள். அயல்வீட்டுப் பெண்கள் படலையில் நின்று சிரித்தார்கள். "நடு வளவுக்குள்ள வேலி கட்டுறாளே, இது ஆரத் தடுக்கிறதுக்கு?" என்று ஒருத்தி கேட்டாள். "உங்கட ஆட்ட" என்று இவள் உள்ளிருந்து சொன்னாள்.

மாரி முழுக்க அது நன்றாகத்தான் வளர்ந்தது. தை பிறந்ததும் இலை பழுத்தது. பிறகு ஒவ்வொன்றாக உதிரத் தொடங்கிற்று. எங்களில் யாருமே அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வேலி முருக்கை மாதம் தவறாமல் ஒடிப்பதால் அதில் எப்போதும் ஏதாவது தளிர் நின்றுகொண்டே இருக்கும். வெட்டாமல் விட்ட முருக்கு தன்பாட்டில் இருந்தால் என்ன செய்யும் என்று பார்ப்பதற்கு யாருக்கும் பொறுமை இருந்ததில்லை. மாமி பயந்துபோனார். கன்னிக்கால் காய்கிறது, கல்யாணம் ஆகி ஒரு வருசம்கூட ஆகவில்லை. எங்கள் வீட்டுக் கிணறு வெயிலுக்கு உவர்த்துவிடும். மாமி இடுப்பில் குடத்தோடு தள்ளிப்போய் நல்ல கிணற்றில் இருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். மஞ்சள் கரைத்து ஊற்றினார். என் மனைவியும் பயத்தில் ஊற்றினாள். தங்கைக்காரியும் ஊற்றினாள். அவ்வளவு தண்ணீரைக் குடித்த மரம் இலை உதிர்த்ததை மறந்து திரும்பவும் பச்சை பிடித்தது. மாமிக்கு நிம்மதி. பூ மாத்திரம் ஒன்றும் வரவில்லை. முருக்கில் பூ வரும் என்று யார் எதிர்பார்த்தார்கள்?

அந்த மாசியில் அக்கரையில் ஒரு கல்யாணத்துக்குத் தோணியில் போனோம். வழியில் ஆற்றுக்குள் ஒரு உப்புத்திடல். ஆடு மாடு போகாத இடம், ஆள் போகவும் ஒன்றும் இல்லை. அதில் ஒரு முருக்கு நின்றது. ஒரு இலை இல்லை. கிளை நுனியெல்லாம் சிவப்பு. என் மனைவி தோணிக்காரரை நிறுத்தச் சொல்லி, வெயிலில் குடையைக்கூட விரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாண வீட்டில் அவள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. திரும்பி வரும்போது என் சட்டைக்கையை இழுத்து, "அத ஆரும் வெட்டல்ல மச்சான். ஆரும் தண்ணி ஊத்தவும் இல்ல. அதான் பூத்திரிக்கி. நாமதான் நம்மடதப் பூக்க விடல்ல" என்றாள்.

அடுத்த தையில் இலை உதிர்ந்தபோது வீட்டில் சண்டை தொடங்கியது. மாமி குடத்தோடு வருவார், மகள் தடுப்பாள். கடைசியில் மகள் மரத்தைச் சுற்றி இலந்தை முள்ளைப் போட்டு அடைத்துவிட்டாள். அயலார் ஆட்டுக்கு வேலி கட்டினார்கள், நாங்கள் மாமிக்கு வேலி கட்டினோம். அப்படியும் ஒருநாள் விடியற்காலை மாமி முள்ளுக்கு வெளியே நின்று குடத்தைச் சரித்து, மணலில் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்ததை நான் கண்டேன். நான் சிரித்துவிட்டேன். மாமி என்னைப் பார்க்காமல், "வெயில் கூட" என்று வேலியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மாசியில் அது பூத்தது. முதலில் கிளை நுனியில் கறுப்பாக, நகம்போல வளைந்த மொட்டுகள் வந்தன. பிறகு ஒருநாள் கந்தோரில் இருந்து வந்து சைக்கிளைச் சாத்தும்போது பார்க்கிறேன், நுனியெல்லாம் சேவல் கொண்டை. மைனாவும் கிளியும் காகமும் விடிந்ததில் இருந்து அதற்குள் நின்று சண்டை பிடிக்கும். வெள்ளை மணலில் சிவப்பு இதழ் விழுந்து கிடக்கும். அவள் அதைக் கூட்டமாட்டாள், யாரையும் கூட்டவும் விடமாட்டாள். மாமிக்கு மட்டும் மனது ஆறவில்லை.

"வாசம் இல்லாத பூ. சாமிக்கும் ஆகா, கொண்டைக்கும் ஆகா."

"கண்ணுக்கு ஆகும்தானே உம்மா" என்றாள் இவள். தாயை உம்மா என்பது எங்கள் ஊர்த் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வழக்கமில்லை. ஏறாவூரில் இருந்து சேலை கொண்டுவருகிற முஸ்லிம் பெண் அவளுடைய சிநேகிதி. அவள் வாயில் இருந்து எடுத்து, தாயைச் சீண்டுவதற்கென்று சொல்வாள்.

அதற்குப் பிறகுதான் அந்த மரத்துக்கு வருசம் என்ன வேலை இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. மாசியில் பூ, இலை இல்லை. பங்குனி கழியக் கறுத்த நெற்று தொங்கும். சித்திரையில் தளிர், அது முதல் பத்துநாள் வெளிர்மஞ்சளாக இருந்து பிறகு பச்சையாகும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று இலையைப் புரட்டிப் புரட்டி அடிக்கும்போது அடிப்பக்கம் வெளுப்பாகத் தெரியும், மரம் முழுக்கச் சலசலக்கும். மாரியில் கரும்பச்சை, அதன் கீழ் நின்றால் தூறல் நனைக்காது. அவளுக்கு ஒவ்வொரு காலத்துக்கும் அதைப் பார்ப்பதற்கு ஒவ்வொரு இடம் இருந்தது. மாசியில் விறாந்தையில் இருந்து பார்ப்பாள், ஆடியில் கிணற்றடியில் இருந்து. அவள் இருக்கக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போவது என் வேலை.

மரம் உயரப் போகவும் கூடாது என்பாள். கை எட்ட வேண்டும், பூ முகத்துக்கு நேரே இருக்க வேண்டும். அதனால் பூவும் நெற்றும் முடிந்தபின் வைகாசியில் நுனியை மட்டும் வெட்டுவாள். ஆவணிக்குப் பிறகு கத்தியைக் கிட்டக் கொண்டுபோக விடமாட்டாள். மாரியில் முற்றுகிற கிளையில்தான் மாசியில் பூ வரும், அதை வெட்டினால் பூவை வெட்டினதுபோல என்று கண்டுபிடித்திருந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டாள். நான் ஒரு காணியை ஒருதரம் பார்த்து வரைந்துவிடுவேன். ஒரே மரத்தை இத்தனை தரம் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது, ஆனால் பார்க்க மரம் இல்லை.

எங்களுக்குப் பிள்ளை கிடைக்கவில்லை. வருசங்கள் போயின. மாமி நேர்த்தி வைக்காத கோயில் இல்லை. என் மனைவி அதைப்பற்றிப் பேசமாட்டாள். ஒரு பின்னேரம் வந்து பார்க்கிறேன், அவள் மரத்தடியில் குந்தியிருந்து சிறிய கத்தியால் அடிமரத்து முள்ளைச் சீவிக்கொண்டிருக்கிறாள். முருக்கின் தண்டில் கூரான கறுத்த முள் இருக்கும். அதை ஒவ்வொன்றாக, பட்டை கிழியாமல் சீவி எடுத்து ஒரு சிரட்டையில் போட்டாள். நிலத்தில் இருந்து அவளுடைய முழங்கால் உயரத்துக்கு மட்டும்.

"ஏன் அவ்வளவோட விட்டிட்டாய்?" என்று கேட்டேன்.

"தவழ்ந்து வந்து புடிச்சி எழும்பினா அவ்வளவுதான் எட்டும்" என்றாள்.

நான் உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி மாட்டினேன். வருசத்துக்கு ஒருதரம் அதைச் செய்தாள். புதிதாக முள் வந்தாலும் வராவிட்டாலும் தடவித் தடவிப் பார்த்துச் சீவுவாள்.

பிறகு உண்டானாள். அதை எனக்குச் சொன்னவள் அவளல்ல, மாமி. விறாந்தைத் தூணைப் பார்த்து, "மருமகன் இனிமே தேங்காய் துருவிக் குடுத்தா நல்லம், அவ குனியக் கூடா" என்றார். எனக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் விளங்கியது.

அந்த மாசியில் மரம் பூத்தமாதிரி நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. கிளையே தெரியவில்லை. ரோட்டால் போன ஆட்கள் படலையில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மாமி முதல்முறையாக ஒரு பூவைப் பறித்துச் சாமிப்படத்துக்கு வைத்தார், வாசம் இல்லாவிட்டாலும் பரவாயில்லையென்று. கன்னிக்கால் இப்படிப் பூத்தால் வேறு என்ன குறி வேண்டும் என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். குறி, சகுனம் என்றால் எனக்கு எரிச்சல் வரும். கந்தோரில் அப்படிப் பேசுகிறவர்களோடு சண்டைக்குப் போவேன். ஆனால் அந்த மாதம் நானும் நம்பினேன். காலையில் சைக்கிளை எடுக்கும்போது அந்தச் சிவப்பைப் பார்த்து, அவளுக்கு ஒன்றும் வராது என்று எனக்கே சொல்லிக்கொண்டு போனேன். அதை நினைத்தால் இன்றைக்கும் அந்தப் பூவின்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பங்குனி தொடங்கிய கிழமை ஒரு காலையில் அவளுக்கு நோவு கண்டது. மருத்துவிச்சி வந்தார். நான் வெளியே மரத்தடியில் நின்றேன். ஒருதரம் அவள் யன்னலுக்குள்ளால் என்னைக் கூப்பிட்டாள். முகம் வேர்த்திருந்தது, சிரித்தாள்.

"நான் எழும்ப நாளாகும் மச்சான். வைகாசியில நீங்கதான் வெட்டணும். நுனிய மட்டும் வெட்டுங்க. அடியில கத்தி வெச்சிராதீங்க."

"இப்ப அதா முக்கியம்?" என்றேன்.

"நீங்க கோடு புடிச்சி வெட்டுவீங்க, அதான் சொல்றன்."

வெயில் ஏறினபோது மருத்துவிச்சி வெளியே வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். வண்டியில் போனால் குலுங்கும், ஆற்றால் போவது நல்லது என்று தோணி பிடித்தோம். மாமி தோணியின் நடுவில் இருந்து அவள் தலையை மடியில் வைத்திருந்தார். நான் காலடியில் இருந்தேன். உச்சிவெயில். ஆறு கண்ணைக் கூசவைத்தது. மட்டக்களப்பின் கோபுரமும் தென்னையும் தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டோம். அப்போது தோணிக்காரர் கோலை ஊன்றுவதை நிறுத்தினார். ஏன் நிறுத்தினார் என்று நான் அவரைப் பார்த்தேன். அவர் மாமியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமி தன் முந்தானையால் மகளின் முகத்துக்கு வெயில் படாமல் மறைத்தபடியே இருந்தார். அதை எடுக்கவே இல்லை. தோணியைத் திருப்பும்போதும் எடுக்கவில்லை.

பிள்ளையும் தங்கவில்லை. வீட்டில் மருத்துவிச்சிதான் எடுத்தார், ஆண்பிள்ளை. அவளோடேயே மண்ணில் வைத்தோம்.

மரம் அப்போதும் பூத்துத்தான் நின்றது. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் பூவை மிதித்துக்கொண்டு வந்தார்கள். மாமி என் முன்னால் அழவில்லை. அழாத ஒரு தாயோடு ஒரே வீட்டில் இருப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. எனக்கும் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கந்தோரில், ரோட்டில், சைக்கிளோடு, எல்லாவற்றோடும் கோபம். வைகாசியில் நான் நுனியை வெட்டினேன். கோடு பிடிக்காமல் வெட்டினேன்.

பெண்சாதி பிள்ளையில்லாமல் செத்தால், எங்களில் மாப்பிள்ளை பெட்டியை எடுத்துக்கொண்டு தன் தாய்வீட்டுக்கோ சகோதரி வீட்டுக்கோ போவான். வீடு அடுத்த பெண்ணுக்கு. அது எனக்குத் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்து, "மருமகனுக்குச் சோறு போட்டிரிக்கி" என்ற குரல் மட்டும் தினமும் வந்தது. நான் போகவில்லை. வீட்டுக்காக அல்ல. மரத்தை விட்டுப் போக என்னால் முடியவில்லை. அவளுடைய சேலைகளைச் சாதிசனம் பங்கிட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அவள் கைபட்டு இன்னும் உயிரோடு நின்றது அது ஒன்றுதான்.

ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள். முன்நின்றவர் மாமியின் தமையன், பிள்ளைகளுக்கு அம்மான். வயல்காரர், நல்ல மனிதர், சத்தம் கொஞ்சம் பெரிது. பந்தலுக்கு இடம் பார்க்க வந்தவர் மரத்தின் முன்னால் நின்று தலையை ஆட்டினார்.

"இது நிக்கக் கூடா தம்பி. செத்த கால் நிக்கிற வளவுக்குள்ள புதுக்கால் ஊண்டேலா."

"மரம் சாகல்லயே" என்றேன்.

"மரம் சாகல்ல. கால் செத்துத்து."

அப்படி ஒரு வழக்கம் இருப்பதை நான் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். கன்னிக்கால் எல்லாம் வேலியில் கலந்து போய்விடுகிற ஊரில் இதற்கு என்ன வழக்கம் இருக்கப் போகிறது? யாரும் இப்படி நடுவளவில் வைத்து வளர்த்திருந்தால்தானே? அதைத்தான் சத்தமாகச் சொன்னேன். வேறும் சொன்னேன். அம்மான் கோபிக்கவில்லை. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார். அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. கடைசியில் அடுக்களை வாசலுக்குப் போய், வாழ்க்கையில் முதல்தடவையாக மாமியின் முகத்துக்கு நேரே நின்று கேட்டேன்.

"நீங்க சொல்லுங்க மாமி. வெட்டவா?"

அவர் அடுப்பைப் பார்த்தபடி விறகை உள்ளே தள்ளினார். பிறகு, "சின்னவளும் எனக்குப் புள்ளதானே" என்றார்.

அதற்கு மேல் என்ன பேசுவது? தங்கைக்காரி உள்ளே விம்முகிறது கேட்டது. அவளுடைய வாழ்க்கையில் ஒரு குறை வந்தால் இந்த மரத்தால்தான் என்று ஊர் சொல்லும். ஊரை விடுங்கள், அவளே ஒருநாள் நினைப்பாள். பூத்த பூவை நான் நம்பினேன் அல்லவா? அவர்கள் நிற்கிற மரத்துக்குப் பயப்படுகிறார்கள். எனக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கூலிக்கு ஆள் பிடிக்க வேண்டாம், நானே வெட்டுகிறேன் என்றேன். முருக்கு மெத்தென்ற மரம், கோடரிக்கு அங்கே வேலையே இல்லை. ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தபோது உள்ளங்கையில் அந்த மழுமழுப்பு பட்டது, முள் இல்லாத இடம். முழங்கால் உயரத்துக்கு ஒரு முள்கூட இல்லை. அடியில கத்தி வெச்சிராதீங்க என்று அவள் சொல்லியிருந்தாள். வெட்டினேன். இவ்வளவு கெதியாக அது விழுந்ததற்கும் எனக்குக் கோபம் வந்தது.

அயலார் வந்தார்கள். பச்சை முருக்கை யாரும் வீணாக்கமாட்டார்கள். நல்ல நேரான தடிகளாகப் பார்த்து வேலிக்கு எடுத்தார்கள், இலையை ஆட்டுக்கு எடுத்தார்கள். மாமி வெளியே வந்தார். குனிந்து, கைத்தண்டளவு பருமனான ஒரு கிளையைத் தெரிந்தெடுத்து, முந்தானையில் சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். இவருமா, ஆட்டுக்கு ஒரு கட்டுக் குழை இவருக்கும் வேண்டுமா என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்குள் கல்லாகக் கிடந்தது. நான் ஒரு சுள்ளிகூட எடுக்கவில்லை. மறுநாள் தகரப்பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு செங்கலடியில் என் அக்காவின் வீட்டுக்குப் போனேன். கல்யாணத்துக்கு வரவில்லை.

அடுத்த மாசிக் கடைசியில் அவளுடைய திதி வந்தது, முதல் வருச ஆட்டைத்திவசத்துக்குச் சொல்லியனுப்பினார்கள். போகாமல் இருக்க முடியாது. வீட்டுக்குப் போவதற்கு முன் சுடலைக்குப் போனேன். எங்கள் சுடலை மணல்மேடு. எருக்கலையும் இராவணன்மீசைப் புல்லும் தவிர ஒன்றும் இல்லை. பெண்கள் அந்தப் பக்கம் போவதில்லை. பிரேதம் போகும்போதுகூடப் படலையோடு நின்றுவிடுவார்கள். மாதத்துக்கு ஒருதரமாவது நான்தான் வந்து மணலை ஒதுக்கிவிட்டிருக்க வேண்டும். அக்கா வீட்டில் கோபித்துக்கொண்டு இருந்தேன்.

அவளுடைய தலைமாட்டில் ஒரு கம்பு நின்றது.

இலை இல்லை. இடுப்பளவு உயரம். உச்சியில் வெட்டுவாய் காயாமல் சாணி உருட்டி வைத்து, அது வெயிலில் வெடித்திருந்தது. ஆடு கடிக்காமல் சுற்றிலும் இலந்தை முள் அடைத்திருந்தது. அது எங்கள் வீட்டுச் சண்டைக்கால முள்வேலி, அதே வட்டம், அதே கட்டு. நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே பச்சை. கொண்டுபோயிருந்த செம்புத் தண்ணீரை அதன் அடியில் ஊற்றினேன். பிறகு குந்தியிருந்து முள்ளுக்குள்ளால் கையை விட்டுத் தண்டைப் பிடித்தேன். கை குத்தவில்லை.

கிளை என்றால் முழுக்க முள் இருக்க வேண்டும். இதில் மேலே இருந்தது. கீழே முழங்கால் உயரத்துக்கு ஒவ்வொன்றாகச் சீவப்பட்டிருந்தது. சீவியவருக்கு அந்த வேலை பழக்கமில்லை. அங்கங்கே பட்டை கிழிந்து ஆறியிருந்தது.

வீட்டில் சமையல் நடந்துகொண்டிருந்தது. மணற்பாதை நேராக்கப்பட்டிருந்தது. தங்கைக்காரி வயிற்றில் பிள்ளையோடு வந்து, "வாங்க மச்சான்" என்றாள். அவளைப் பார்க்க எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. நான் அடுக்களை வாசலுக்குப் போனேன். மாமி அம்மியில் இருந்தார். என்னைக் கண்டு எழும்பிக் கதவுக்குப் பின்னால் போகவில்லை.

"சுடலைக்குப் போயிட்டு வாறன் மாமி" என்றேன்.

அவர் கையில் இருந்த குழவி நின்றது.

"தண்ணி ஒண்டும் ஊத்தல்லயே?"

"செம்புல இருந்தத ஊத்தினன்."

"இனிமே ஊத்தாதீங்க மனே. மாசி மாசம். அவ ஊத்த விடமாட்டா."

அதுவரைக்கும் அவர் என்னை மகனே என்றதில்லை, மருமகன் என்றுதான் சொல்லியிருக்கிறார், அதுவும் கதவிடம். நான் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்காமல் போய்விடலாம் என்றும் இருந்தது.

"முள்ள ஏன் மாமி சீவினீங்க? அது சுடலைதானே" என்றேன்.

மாமி அரைத்ததை வழித்துக் கிண்ணத்தில் போட்டார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"புள்ளையும் அங்கதானே மனே இரிக்கி" என்றார்.

அன்றைக்குத்தான் அந்த வீட்டில் நான் வாய்விட்டு அழுதேன். அவரும் அழுதார்.